முப்பது நாள்

நவம்பர் பதினான்கு, மாலை.
கடைக்குள் எல்லோரும் துப்பாக்கி இல்லாமலே சுடுகிறார்கள்.
கோட்டை மாட்டியதும்
இடக்கை நீளும், வலத்தோள் உயரும்,
ஒரு கண் மூடும்.
கூரை விசிறி, கோழித்தீவன மூட்டை,
சில நேரம் கல்லாவில் நிற்கும் நான்.
விடிந்தால் மான் பருவம்.
பதினாறே நாள்.

ஏரி இன்னும் உறையவில்லை.
அதன் மேலேறி வரும் காற்று
எந்தப் பொத்தானையும் மதிப்பதில்லை.

வெர்னா லுவோமா ஆறரைக்கு வந்தாள்.
பள்ளிச் சமையல்கூடத்தில் வேலை,
முழங்கைவரை உருளைக்கிழங்கு வாசனை.
விலைச்சீட்டைப் புரட்டும் முன்
கோட்டின் கையைக் காதோரம் வைத்து உரசினாள்.
"இது பேசுது."
அடுத்ததை எடுத்தாள்.
"இதுவும் பேசுது."
மூன்றாவதை உரசிவிட்டுச் சிரித்தாள்:
"இவன் வாயையே மூடமாட்டான்."

மானின் காதுகள்
தனியாக மேயும் இரண்டு மிருகங்கள்.
அவை இந்தச் சரசரப்பை
அரை மைலுக்கு அப்பாலும் தின்னும்.

விற்கிறவன் நான், தெரிந்ததைச் சொன்னேன்.
வாத்திறகு லேசு, நல்ல சூடு, நனைந்தால் பிண்டம்.
செயற்கைப் பஞ்சு கனம், நனைந்தாலும் கைவிடாது.
"அதெல்லாம் நடக்கிறவனுக்கு.
மரத்துமேல அஞ்சு மணி நேரம்
ஆடாம அசையாம உட்கார்றவளுக்கு எது?"

எனக்குப் பதில் வரவில்லை.

ஒரு வாளியைக் கவிழ்த்து
தானாகத் திறக்கும் வாசலுக்கு நேரே
உட்கார்ந்துவிட்டாள்,
பாசிநிறக் கோட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு.
ஒவ்வொருவர் நுழையும்போதும்
ஏரி அவள் கழுத்தில் கைவைத்தது.
ஆணி எந்தப் பக்கம் என்று யாரோ கேட்டார்கள்.
அவள் திரும்பவில்லை.
இருபது நிமிடம்.
பிறகு எழுந்து, இடுப்பைத் தடவிப் பார்த்து,
"இதுதான்" என்றாள்.

நூற்று எண்பத்தொன்பது டாலர்.

"திருப்பிக் கொடுக்க எத்தனை நாள்?"
"முப்பது."
விரல்விட்டு எண்ணவில்லை.
எண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள்.
விலைச்சீட்டைக் கிழிக்காமல்
கைக்குள் மடித்துச் செருகினாள்.

டிசம்பரில் கோட்டுகள் திரும்பி வரும்.
அத்தனையும் ஒருமுறைகூடப் போடாதவை.
பைகளில் பைன் ஊசி,
செத்துப்போன கைச்சூட்டுப் பொட்டலம்,
ஒருதரம் பாதி சாண்ட்விச்.
நான் கேட்பதில்லை.
காகித ஆலை மூடிய ஊரில்
சில கேள்விகளும் சேர்ந்தே மூடிக்கொண்டன.

வெர்னா இருபத்தெட்டாம் நாள் வந்தாள்.
துவைத்து, உலர்த்தி, நான்காய் மடித்து.
இடக்கை விளிம்பில் காசளவு பழுப்பு.
"காப்பி," என்றாள்.
"காப்பி," என்றேன்.
காரணம் என்ற கட்டத்தில்
நிறம் பிடிக்கவில்லை என்று எழுதினேன்.
பணத்தை எண்ணிக் கொடுக்கும்போது
வாய் சும்மா இருக்காமல் கேட்டது:
"உறைபெட்டி நிறைஞ்சுதா?"
"மூடிமேல ஏறி உட்கார்ந்துதான் மூடினேன்."

கறைபட்ட சரக்கை முழு விலைக்கு விற்கக்கூடாது,
அது கடையின் சட்டம்.
சனிக்கிழமை சிவப்புச் சீட்டு ஒட்டினேன்:
அறுபத்தொன்பது.

ஏழு மணிக்கு நான் பூட்டைத் திறக்கும்போது
வாசலில் வெர்னா,
மூக்கு நுனி தக்காளி.
இதையும் எண்ணியிருக்கிறாள்.

இந்தமுறை உரசவில்லை, உட்காரவில்லை.
நேரே அந்தக் கம்பிக்குப் போய்
நேரே அந்தத் தோளை உருவி
உள்பைக்குள் இரண்டு விரல் விட்டு
ஒரு இருமல் மிட்டாயை எடுத்து
வாயில் போட்டுக்கொண்டாள்.
துவைத்தும் கரையாத மிட்டாய்.
எடைபோட்ட சில்லறை,
கசங்கிய நோட்டு, சரியாக அறுபத்தொன்பதும் வரியும்.

சீட்டின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.
வாசல் தானாகத் திறந்தது.
என்னைத் தாண்டி அவள் கை வீசி நடந்தபோது
கோட்டு ஒரு வார்த்தை பேசவில்லை.
நானும்தான்.